கறையென்று தேய்த்த பல்

எழுத்துகள் ஏறியும் இறங்கியும் போகின்றன, பொறுத்துக்கொள். இந்த வயதில் எழுதப் பழகிய கை. நம் மகள் முதலில் எழுதச் சொல்லிக்கொடுத்தது உன் பெயரைத்தான். எழுதி முடித்ததும் அந்தத் தாளை வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

இன்று அடுக்களைப் பலகையைத் துடைத்தபோது நான் பல்பொடி போட்டுவைத்த அந்தப் பால்மாவு டின் அகப்பட்டது. திறந்தேன். ரப்பர் கட்டைக் கரியும் உப்பும் கலந்த அதே வாசனை. தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பெடாஸ் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு நீ கல்யாணமாகி வந்தபோது உன் பற்கள் தேன் நிறத்தில் இருந்தன. உன் அப்பாவுக்கும் அப்படித்தான். வெற்றிலைக் கறை என்று நினைத்தேன். உன் வெற்றிலையை நிறுத்தினேன். தினமும் கரியை நானே இடித்துக் கொடுத்து, "நல்லா அழுத்தித் தேய்" என்று பக்கத்தில் நின்றேன். பல் வெளுக்கவில்லை; தேய்ந்து குட்டையானது.

ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் பெண்கள் விட்டுவைத்தார்களா? "ஏண்டி, வெத்தல போடுற எங்க பல்லே தேவல லா! உன் புருசன் உனக்குச் சோறு போடுறாரா, கரி போடுறாரா?" நீயும் சேர்ந்து சிரித்தாய், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

மகளுக்கும் பால்பல் அதே நிறத்தில் முளைத்தது. டின்னை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"எனக்குத் தேச்சது போதுங்க. புள்ளய விட்டுடுங்க."

நான் விடவில்லை.

நீ காய்ச்சலில் போய்ச்சேர்ந்த மறுவருடம் அவளைச் சிரம்பானில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கறை இல்ல ஐயா. மேல்பூச்சுக்கு அடியில டென்டின்னு ஒன்னு இருக்கு. அதுதான் பல்லோட உடம்பு. இவளுக்கு அது பிறவியிலேயே சரியாக் கட்டல. வீட்டுல வேற யாருக்கு இருக்கு?"

"அவ அம்மாவுக்கு. அம்மாவோட அப்பாவுக்கு."

"அப்படித்தான் இறங்கி வரும். பாதிக்குப் பாதி வாய்ப்பு. தேய்க்கத் தேய்க்க இன்னும் சீக்கிரம் போயிரும். பல்லுக்கு மேல மூடி போட்டுத்தான் காப்பாத்தணும்."

அவளுடைய கடைவாய்ப் பற்களுக்கு மூடி போட்டார்கள். உனக்கு யார் இருந்தார்கள்? நான்தான் இருந்தேன், கரியோடு.

இப்போது மகளின் குழந்தைக்கு ஈறு வீங்கியிருக்கிறது. முதல் பல். ஒரு நாளைக்குப் பத்து தடவை விரலால் தடவிப் பார்க்கிறாள். அப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. உன்னிடம் கேட்கக் கையாவது வருகிறது.

உன் முழுச் சிரிப்பை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. முந்தானைக்கு மேலே தெரிந்த கண்கள் மட்டும்தான் என்னிடம் இருக்கின்றன.

டின்னைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அடுத்த வாரத்துக்குள் அந்தப் பல் வெளியே வந்துவிடும். என்ன நிறமென்று அன்றைக்கே உனக்கு எழுதுகிறேன். தேன் நிறமாக இருந்தால், பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவது இந்தக் கைதான்.