மெம்பர் வீட்டுப் பாலும் மாட்டுச் சட்டமும்

சேசு மரி சூசை துணை

சிலிபின், ஈப்போ
1927 செப்டம்பர், ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து எழுதினது

அன்பு மகள் எல்ஸிக்கு அம்மா எழுதுறது. ஆண்டவர் புண்ணியத்துல இங்க நான் சுகம், உங்க அப்பா சுகம், செவலை சுகம், வெள்ளச்சி கன்னு போட்டு தாயும் பிள்ளையும் சுகம். மெம்பர் சிவசுப்பிரமணியன் ஐயாவுக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லாம இருந்து இப்பத்தான் கஞ்சியிலருந்து சோத்துக்கு வந்திருக்கார், அது எப்படி வந்துச்சுன்னு சொல்லத்தான் இந்தக் கடுதாசி. நீ சென்னப்பட்டணத்துல சுகமா இருக்கியா, விடுதிச் சோத்துல கல்லு கிடக்குன்னு எழுதியிருந்தியே, பார்த்து மெல்லு, பல்லு போனா டீச்சருக்கு அழகு போச்சு. உங்க அப்பா ரயில் டேசனுக்கு வேலைக்குப் போயிருக்கார், அவர் திரும்பி வர்றதுக்குள்ள எழுதி ஒட்டிடணும், ஏன்னு நீயே போகப் போகப் புரிஞ்சுக்குவ.

போன கடுதாசியில இதை எழுதினா நீ படிப்பை விட்டுட்டு உக்காந்து அழுவேன்னு எழுதல. ஊர்ச் சபையில ஒரு சட்டம் போடப் போறதாப் பேச்சு வந்துச்சு, டவுன் எல்லைக்குள்ள யாரும் மாடு கட்டக் கூடாதாம். சாணியால ஈ வருதாம், ஈயால காய்ச்சல் வருதாம், பாசார்ல மீன்காரன் கடையில உக்காந்திருக்கிற ஈயெல்லாம் எந்த மாடு பெத்ததுன்னு சட்டம் எழுதினவன்கிட்ட கேக்கணும். உங்க அப்பா சம்பளம் வீட்டுக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருக்கு, உன் படிப்பு இந்த ரெண்டு மாட்டு மடியிலதான் ஓடுது. மாடு போச்சுன்னா பாதியில விட்டுட்டு கப்பல் ஏறி வந்துடு மகளேன்னு என் கையால நான் எழுதணும். நான் ரப்பர் தோட்டத்துல இருட்டோட எழுந்து பால் எடுக்க மரம் சீவப் போனவ, என் மகள் நாற்காலியில உக்காந்து பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுக்கிறதைப் பார்க்காம எனக்குச் சாவு வரக் கூடாதுன்னு அந்தோனியார்கிட்ட வேண்டியிருக்கேன். அதெல்லாம் நினைச்சு செவலை கழுத்தைக் கட்டிக்கிட்டு ஒரு பாட்டம் அழுதேன். அது என் தலைமுடியை வைக்கோல்னு நினைச்சு மென்னுடுச்சு, இன்னும் ஒரு பக்கம் குட்டையாத்தான் இருக்கு.

உங்க அப்பாகிட்ட சொன்னா பெட்டிசன் எழுதுறேன்னு உக்காந்தார். அவர் இங்கிலீசு உனக்குத் தெரியுமே, ஆரம்பிக்கிறப்ப துரைக்கு ஒரு பக்கம் வணக்கம் வச்சு முடிக்கிறப்ப ஒரு பக்கம் வணக்கம் வச்சார், நடுவுல மாடுன்னு ஒரு வார்த்தை எழுத மறந்துட்டார். சரி இது ஆகாதுன்னு நானே மெம்பர் ஐயாவைப் பார்க்கப் போனேன். அவர் முன்னாடி தோட்டத்து ஆபீசுல கணக்கு எழுதுற பெரிய கிராணியா இருந்தவர், துரைமாருக்கு அவர் மேல பிரியம், அதனால நம்ம ஆளுங்களுக்குன்னு அவரைச் சபையில மெம்பராப் போட்டாங்க. நம்ம யாரையும் கேட்டுப் போடல, அது வேற கதை. ஐயா நீங்க யாருக்கு மெம்பர்னு கேட்டேன். இந்திய சமூகம் முழுசுக்கும்னார். அப்ப அதுல நானும் சேர்த்தியான்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுப் பார்த்துட்டு சேர்த்திதான்னார். மாட்டு விசயத்தைச் சொன்னதும் நெஞ்சுல கையை வச்சு, கவலைப்படாம போங்கம்மா, நான் உயிரோட இருக்கிற வரைக்கும் உங்க மாட்டை யாரும் தொட முடியாதுன்னார். அதைக் கேட்டதும்தான் எனக்கு உள்ளுக்குள்ள பகீர்னுச்சு.

ஏன்னா அவர் வாக்குக் கொடுத்த கதையெல்லாம் எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்குப் பால் ஊத்துறவ நான்தானே. முன் வாசல் வழியாப் போறவனுக்கு மெம்பர் சிரிச்ச முகம் தெரியும், பின் வாசல் வழியாப் போறவளுக்கு மிச்சமெல்லாம் தெரியும். அவர் வீட்டுச் சமையக்காரி மாரியம்மா இருக்காளே, அவ புருசன் பிச்சைமுத்துதான் சபைக் கூட்டத்துல தேத்தண்ணி கொடுக்கிறவன். அவன் சபையில யார் எதுக்குக் கை தூக்கினாங்கன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லுவான், அவ என்கிட்ட சொல்லுவா, நான் செம்பைக் கவுத்து வச்சுட்டு உக்காந்து கேப்பேன். நம்ம சந்துக்கு விளக்கு போடுறேன்னு வாக்குக் கொடுத்தாரு, அந்த விளக்கைத் துரைமார் கிளப்பு வாசல்ல நடுறதுக்குக் கை தூக்கினாரு. தண்ணிக் குழாய் வரும்னாரு, இருந்த குழாயையும் மூடுறதுக்குக் கை தூக்கினாரு. இப்படி ஒவ்வொண்ணுக்கும் நான் என்ன செய்ய முடியும் சொல்லு, என்னை யாராவது சபைக்குள்ள விடுவானா. அதனால அவர் ஒரு தடவை தப்பாக் கை தூக்கினா அவர் வீட்டுப் பாலுல ஒரு டம்ளர் தண்ணி கூட்டிடுறதுன்னு ஒரு ஏற்பாடு வச்சுக்கிட்டேன். ஒரு தடவையாவது நம்ம பக்கம் நின்னா குறைச்சுடலாம்னுதான் இருந்தேன், அதுக்கு அந்த மனுசன் வழியே விடல. கடைசியில அவர் சம்சாரம் அன்னபூரணி அம்மா, என்ன அகதா பால் ஊத்தினா கோப்பை அடியில இருக்கிற பூ தெரியுதேன்னாங்க. மழைக்காலம் அம்மா, மாடு ஈரப் புல்லு திங்குதுல்லன்னு சொல்லிட்டு வந்தேன். மனசு கேக்காம பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட இதைச் சொன்னேன். அவர், நான் இருக்கிற பங்கு வீட்டுக்கு வர்ற பாலுமான்னு கேட்டார். உங்களுக்கு இல்ல சாமின்னேன், மாதாவுக்கு மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிட்டார்.

இப்படியிருக்க, யாருக்குத்தான் இவர் கை தூக்குறார்னு மாரியம்மாவும் நானும் ஒவ்வொண்ணாப் பேசிப் பார்த்தோம். கண்ட்ராக்டர் உடையப்பன் ஒரு ஆட்டுத் தொடை கொடுத்தனுப்பினான், அடுத்த கூட்டத்துல சாக்கடை வேலை அவனுக்குப் போச்சு. அடகுக் கடை வச்சிருக்கிற சீன முதலாளி தவுக்கே ஒரு வண்டி டுரியான் பழம் அனுப்பினார், வீடே ஒரு வாரம் நாறுச்சு, அடுத்த கூட்டத்துல அவருக்கு இன்னொரு கடை வந்துச்சு. ஓகோ இதுதான் சங்கதியா, இந்த மனுசனுக்குக் காது வழியாச் சொன்னா ஏறாது, வாய் வழியாத்தான் ஏறும்னு எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. ஆட்டுத் தொடைக்கு நான் எங்க போவேன். அப்பப் பாரு மகளே, சட்டம் வர்ற கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில வெள்ளச்சி கன்னு போட்டுச்சு. எனக்கு ஆண்டவரே வந்து கதவைத் தட்டின மாதிரி இருந்துச்சு.

சீம்பால் கறந்து, குலா மலாக்கா வெல்லம் போட்டு ஏலக்காய் தட்டிப் போட்டு ஆவியில வச்சு எடுத்தேன். உனக்குத்தான் என் சீம்பால் எப்படி இருக்கும்னு தெரியுமே, கத்தி வச்சு வெட்டினா நடுங்கிக்கிட்டு நிக்கும். உங்க அப்பா ஒரு துண்டு கேட்டார், கொடுக்கல. பெரிய தூக்குச் சட்டி நிறைய மெம்பர் வீட்டுக்குக் கொண்டுபோய் அன்னபூரணி அம்மா கையில கொடுத்து, ஐயாவுக்குன்னு செஞ்சது, நாளைக்குக் கூட்டத்துல எங்களை மறக்க வேணாம்னு சொல்லிட்டு வந்தேன். அந்த அம்மா வாயில ஒரு துண்டுதான் போட்டாங்களாம், மிச்சத்தை மெம்பர் ஐயா ஒருத்தரே, சாயங்காலம் கொஞ்சம், ராத்திரி சோத்துக்குப் பதிலாக் கொஞ்சம், படுக்கப் போறப்ப சட்டியை வழிச்சுக் கொஞ்சம்னு தீர்த்துட்டாராம். மாரியம்மா வந்து சொன்னப்ப எனக்கு நெஞ்சு குளிர்ந்துச்சு, ஆட்டுத் தொடையை ஜெயிச்சுட்டோம்டின்னேன்.

எனக்கு ஒண்ணு மட்டும் அப்பப் புத்தியில ஏறல. மாசக் கணக்கா நான் ஊத்தின தண்ணிப் பாலையே குடிச்சுப் பழகின வயிறு அது. கோப்பை அடியில பூ தெரியுற பாலைக் குடிச்ச வயித்துல போய்ச் சட்டி நிறையச் சீம்பால் விழுந்தா என்ன ஆகும். விடியறதுக்குள்ள மெம்பர் ஐயா பின்கட்டுக்குப் போனவர் போனவர்தான், வெளியில வர்றார், கோட்டைக் கையில எடுக்கிறார், கோட்டைக் கீழ போட்டுட்டு மறுபடி ஓடுறார். காரு வாசல்ல நிக்குது, டிரைவர் ஆரன் அடிக்கிறான், அவர் உள்ளருந்து இதோ வாரேன் இதோ வாரேன்னு கத்துறார். கூட்ட நேரமும் ஆச்சு, அவர் வந்தபாடில்ல. மாரியம்மா மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னா. நான் மாட்டுக் கொட்டாய்ல அப்படியே உக்காந்துட்டேன். நம்ம தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேனே, இருந்த ஒரு கையையும் கக்கூசுல உக்கார வச்சுட்டேனேன்னு மாரடிச்சேன். உனக்கு எழுதுறதுக்குப் பேப்பரைக்கூட எடுத்து வச்சுட்டேன் எல்ஸி, அன்பு மகளேன்னு எழுதினதுக்கு மேல கை ஓடல.

மத்தியானம் பிச்சைமுத்து வந்தான். சட்டம் விழுந்துபோச்சுன்னான். எனக்கு ஒண்ணும் புரியல, யாரு நம்ம பக்கம் பேசினாங்கன்னு கேட்டேன். யாருமே பேசல அக்கான்னான். சபையில நடக்கிறது இதுதானாம். பெரிய துரை மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வச்சா ஓட்டு எடுக்கிற நேரம்னு அர்த்தம். கண்ணாடியைப் பார்த்ததும் நம்ம மெம்பர் ஐயா கை மேல போகும், எதுக்குன்னு அவர் கேக்கிறதே இல்ல. பக்கத்துல இருக்கிற ரெண்டு தவுக்கேயும் அந்தப் பக்கம் இருக்கிற மலாய்க்காரப் பெரியவர் டத்தோவும், இவருக்கு இங்கிலீசு நல்லாத் தெரியும், இவர் தூக்கினா சரியாத்தான் இருக்கும்னு அவர் கையைப் பார்த்துத் தாங்களும் தூக்குவாங்க. ஆட்டுத் தொடையும் இல்ல டுரியானும் இல்ல, அந்த மனுசன் எல்லாத்துக்கும் கை தூக்கியிருக்கார், போன வருசம் அவர் வீட்டு வரியை ஏத்துறதுக்கே தூக்கினாராம், அப்புறம் வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்துட்டு யார் இந்த வேலை பண்ணினான்னு குதிச்சாராம். அன்னைக்கு அவர் நாற்காலி காலியாக் கிடந்துச்சு. துரை கண்ணாடியைக் கழட்டினார், ரெண்டு துரைமார் கை மட்டும் மேல போச்சு. தவுக்கேமாரும் டத்தோவும் காலி நாற்காலியைப் பார்த்தாங்க, ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க, மரியாதையாக் கையை மடியில வச்சுக்கிட்டாங்க. பெரிய துரை கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், மறுபடி கழட்டிப் பார்த்தார், கை ஏறல. சரி, ஊர் மனசு இப்படி இருக்குன்னா டிசம்பர் கூட்டத்துல பார்த்துக்கலாம்னு மூடிட்டாராம். நான் பிச்சைமுத்துவுக்குக் கெட்டிப் பால்ல தேத்தண்ணி போட்டுக் கொடுத்துட்டு, வெள்ளச்சி நெத்தியில ஒரு முத்தம் கொடுத்தேன்.

இதுக்கு மேலதான் கூத்து. சிலிபின்ல மாடு வச்சிருக்கிற எல்லாரும், மெம்பர் ஐயா எதிர்ப்புக் காட்டத்தான் கூட்டத்துக்கே போகாம இருந்துட்டார்னு முடிவு பண்ணிட்டாங்க. உங்க அப்பாவே முன்னாடி நின்னு மாலை வாங்கிட்டுப் போய், வீட்டுல மிச்சம் இருந்த வணக்கத்தையெல்லாம் சேர்த்து ஒரு இங்கிலீசுப் பத்திரம் வாசிச்சார். மெம்பர் ஐயா ரெண்டு பக்கமும் ஆள் பிடிக்க வந்து நின்னு மாலையை வாங்கிக்கிட்டு, இந்த ஏழை ஜனங்களுக்காக அன்னைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அது மட்டும் பொய்யில்ல. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாம முந்தானையை வாயில வச்சுக்கிட்டேன், உங்க அப்பா நான் அழுறேன்னு நினைச்சுத் தோளைத் தட்டிக் கொடுத்தார். கடைசியா ஐயா ஒண்ணு சொன்னார் பாரு, அங்கதான் என் சிரிப்பு நின்னுச்சு. டிசம்பர் கூட்டத்துக்கு உடம்பு எப்படி இருந்தாலும் நான் கட்டாயம் போறேன், போய் உங்களுக்காக என் கையைத் தூக்குறேன்னு எல்லாரும் கேக்கச் சத்தியம் பண்ணிட்டார். ஜனங்க கை தட்டுறாங்க, நான் டிசம்பருக்கு இன்னும் எத்தனை நாள்னு விரல் விட்டு எண்ணினேன்.

சரி நீ இதையெல்லாம் நினைச்சுக்கிட்டு இராதே. படி, நல்லாப் படி, வேளைக்குச் சாப்பிடு, வெயில்ல அலையாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளி. மாடு இங்கதான் இருக்கு, இருக்கும், நீ டீச்சரா வந்து இறங்குற வரைக்கும் இருக்கும். பதில் எழுதுறப்ப பால், தண்ணி, சீம்பால்னு ஒரு வார்த்தை எழுதிடாதே, உங்க அப்பா உன் கடுதாசியை வாசல்ல நின்னு தெருவுக்கே வாசிச்சுக் காட்டுவார். உனக்கு மாதாவின் காவலும் என் ஆசீர்வாதமும் எப்பவும் உண்டு. பக்கத்து வீட்டு மங்களம் உன்னை விசாரிச்சா. அவ மாடு சினையா இருக்கு, டிசம்பர்லதான் கன்னு போடுமாம், சீம்பால் ஒரு சொட்டு வேற யாருக்கும் கொடுக்கக் கூடாது, சட்டியோட எனக்கு வேணும்னு இப்பவே சொல்லி வச்சுட்டேன். மெம்பர் படுத்தப்ப நிறுத்தி வச்சிருந்த தண்ணியை அவர் வீட்டுப் பாலுல நேத்துலருந்து மறுபடி கூட்டி வர்றேன்.

இப்படிக்கு,
உன் மேல உயிரா இருக்கிற அம்மா
அகதா ஆம்புரோஸ்