என் காலில் குடியிருப்பவர்கள்

செண்பகம், திருமலைக் குமாரசாமி சத்தியமாக இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

நீ பண்பொழி மலைக் கோயிலுக்குப் புறப்பட்டதும் டாக்டர் போன் செய்தார். தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், சும்மா கட்டு மாற்றத்தான். நம் பையன் ஸ்ரீகணேஷும் சென்னையிலிருந்து சும்மா வந்தானாம், கூட வருகிறான். ரசம் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்.

நேற்று என் வலது காலில் குடியிருக்கிற கிருமிகள் பேசியதை என் காதால் கேட்டேன். ஒருத்தன் சொல்லுதான்: "ஏலே, மாத்திரை வருது, போத்திக்கிட்டுப் படு. முழிச்சிருக்கவனத்தான் அது கொல்லும்." மாத்திரை ஓய்ந்ததும் எழுந்து வேலையைப் பார்க்கிறார்கள்.

டாக்டரும் அதையே சொன்னார்: "அண்ணாச்சி, அருவிப் பாறையில பாசி பாத்திருக்கியளா? எம்புட்டுத் தண்ணி விழுந்தாலும் போகுதா? அந்த மாதிரி வழவழன்னு ஒண்ணப் பூசிக்கிட்டு, இதுக உள்ள படுத்துக்கிடுது."

மூலிகைத் தண்ணி என்று சொல்லி, புண்காலை ஐந்தருவியில் நீட்டினேன். அதற்காக நீ இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் அவர்களுக்கு அந்தக் குளியல் ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த சாரல் சீசனுக்கும் கூட்டிப்போகச் சொல்லுகிறார்கள். நீயும் வா.

சாயங்காலம் நடந்தே வந்துவிடுவேன்.

பேசாமல் இருந்துகொண்டே என் காலுக்காக மலை ஏறியிருக்கிறாய். உன் முழங்கால் வலிக்கும். தைலம் டிவி பக்கத்தில்.

இன்னும் ஒன்று. வாசலில் கிடக்கிற என் வலது செருப்பைத் துடைத்து வைக்க வேண்டாம். அந்தக் காலை இன்று முழங்காலுக்குக் கீழே எடுக்கிறார்கள்.