அத்தைக்கு நான் போட்ட வெற்று வட்டம்

என் செல்ல சேகரண்ணா,

நீ போய் இரண்டு வருடமாகிறது. உன் தோலிலிருந்து மிளகளவு கிள்ளிக்கொண்டு போனார்களே, அந்தச் செல்கள் மட்டும் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. போன மாதம் அந்த ஆராய்ச்சி டாக்டரம்மா போன் செய்தார். உள்ளே சேரும் கழிவை உன் செல்களால் ஏன் வெளியே தள்ள முடியவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். ஒரு மருந்தை விட்டுப் பார்த்ததில் கொஞ்சம் தேறியிருக்கின்றனவாம்.

"மனுஷங்களுக்குக் கொடுக்க இன்னும் பல வருஷம் ஆகும் டீச்சர், அதுவும் நிச்சயமில்லை" என்றார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. உனக்கு வராத மருந்து இனி யாருக்கு வந்தால் எனக்கென்ன என்று எரிச்சல்தான் வந்தது. அற்பப் புத்திதான், திட்டிக்கொள்.

அடுத்து அவர் ஒன்று கேட்டார். "உங்க குடும்பத்துல வேற யாருக்கும் இப்படி நடை தள்ளாடலையே?" இல்லை என்றேன். அது என் இரண்டாவது பொய்.

முதல் பொய் உனக்கே தெரியும். அவர் நம் வீட்டுக்கு வந்து வம்சாவளிப் படம் போடச் சொன்ன அன்று உன் கை நடுங்கியதால் பேனா என்னிடம் இருந்தது. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பாக நிரப்ப வேண்டும். "ஐயம்பேட்டை அத்தைக்கும் இதேதான், நிரப்பு மல்லி" என்றாய். அப்பா தறியில் உட்கார்ந்தபடியே என்னை முறைத்தார்.

அவருடைய அக்காவான அந்த அத்தை, காலைத் தொங்கவிட்டு நெய்யும் தறிக்குழியில் விழுந்து, அந்த ஈரத்தில் கால் விளங்காமல் போனார் என்பதுதான் நம் வீட்டுக் கதை. உனக்குக் கால் தள்ளாடியபோதும் குழியைத்தானே குற்றம் சொன்னோம்? தறியை விட்டு எழுப்பி ஷேர் ஆட்டோ ஓட்ட அனுப்பினோம். பள்ளியில் பட்டாணிச் செடியை வைத்து மரபியல் பாடம் நடத்துகிற மகராசி நான், அத்தையின் வட்டத்தை வெறுமையாகவே விட்டேன். அத்தை மகன் முருகனுக்கு நம் தங்கை கவிதாவைப் பேசி வைத்திருந்ததுதான் காரணம்.

அத்தைக்கு இந்த நோய் என்றால், அந்தக் கோளாறு முருகனுக்குள் மறைந்து இருந்தே தீரும். உன் கூடப் பிறந்த கவிதாவிடமும் இருக்கலாம். இருவரிடமும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உன் நிலை வர நாலில் ஒரு வாய்ப்பு. இதைப் பத்தாம் வகுப்புக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன், அண்ணா. தங்கைக்குச் சொல்லவில்லை.

தை மாதம் கல்யாணம். முகூர்த்தப் புடவையை அப்பாவே நெய்கிறார். அந்த இரண்டாவது பொய்க்குப் பிறகு அவரிடம்தான் முதலில் பேசினேன். "எத்தினி தலைமுறையா அத்தை புள்ள, மாமன் பொண்ணுன்னுதான் கட்டிக்கினு இருக்கோம். நீ படிச்சுட்டு வந்து குழப்பாத. வெளிய தெரிஞ்சா அவள யாருமா கட்டுவான்?" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. என்னிடம் இருந்ததும் அதே பயம்தானே?

போன ஞாயிற்றுக்கிழமை கவிதா வேலை பார்க்கும் ஏனாத்தூர் காலேஜ் ஆபீஸுக்கு லீவு. தலை துவட்டிக்கொண்டிருந்தவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணன் எழுதச் சொல்லிச்சா?"

"ஆமா."

"அப்ப ரெண்டு வருஷமா இன்னாக்கா பண்ணிக்கினு இருந்த?"

நீயும் இதைத்தான் கேட்டிருப்பாய்.

அன்றே அவள் முருகனிடம் பேசினாள். அவன், "எங்கம்மா குழியில விழலன்னு எனக்கும் தெரியும் கவிதா" என்றானாம். இரண்டு வீட்டிலும் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம்.

டாக்டரம்மாவிடம் என் பொய்யை ஒப்புக்கொண்டுவிட்டேன். கவிதாவும் முருகனும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார்கள், முடிவு வரவில்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை. நெசவையும் நிறுத்தவில்லை.

முடிவு எதுவானாலும் முதலில் கவிதாதான் படிப்பாள். கட்டிக்கொள்வதா இல்லையா என்பது அவர்கள் இருவர் பாடு. உனக்கும் அத்தைக்கும் வந்தது ஒரே நோய் என்று இனி யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன். இது சத்தியம், அண்ணா.

அதற்காகத்தான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் அச்சுக்குக் கொடுக்கிறேன். கொடுக்கும் முன் கவிதாவிடம் காட்டினேன். அவள் பெயரை மாற்றியிருந்தேன். படித்துவிட்டு, பேனாவை வாங்கி அந்தப் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். "என்னைய எதுக்குக்கா மறைக்கிற?" என்றாள்.

நீ சொன்னதை அன்று எழுதாத உன் தங்கை,
மல்லிகா