முழங்கைக்கு அடியில் என் விரல்

என் கண்ணே,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஒப்பவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும்.

போன மாதம் அப்பா உன்னிடம் போனில், நானே டம்ளரைத் தூக்கிட்டேன்டி என்று குதித்தாரே, அவர் தூக்கவில்லை, நான்தான் தூக்கினேன். தையல் கடை ஏணியிலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டதிலிருந்து அந்த வலது கை மரக்கட்டைதான், உனக்குத் தெரியும். இப்போது பிடரியில் இரண்டு பட்டை ஒட்டி லேசாகக் கரண்ட் கொடுக்கும் பெட்டி ஒன்றை ஆஸ்பத்திரியில் தந்திருக்கிறார்கள். அது ஓடும்போதே அவர் டம்ளரைத் தூக்கிப் பழக வேண்டும், எத்தனை தடவை தூக்கினார் என்று நான் நோட்டில் எழுத வேண்டும். முதல் வாரம் முழுக்கச் சைபர். மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாழாய்ப்போன மனசு கேட்காமல் அவர் முழங்கைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்தேன். அந்த இடத்தில் அவருக்கு உணர்ச்சி கிடையாது, கழுத்தும் குனியாது. தன் கைதான் எழுகிறது என்று நம்பிவிட்டார். நாலு, ஏழு, பன்னிரண்டு என்று நானும் எழுதிக்கொண்டே போனேன். அடுத்த மாசம் கத்திரி பிடிக்கிறேன் என்று முதலாளிக்கே சொல்லி அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சோதனை. பயிற்சி கொடுக்கும் பெண் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டாள். டம்ளர் அசையவே இல்லை. மிஷின்ல கோளாறும்மா, வேற குடுங்க என்று அப்பா கெஞ்சினார். அதற்கு மேல் தாங்காமல் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட்டேன். அந்தப் பெண் திட்டவில்லை. கரண்ட் தானா கையத் தூக்காதும்மா, அவர் தூக்கப் பாத்தாத்தான் அது துணைக்கு வரும், நீங்க தாங்கினதுல அவர் முயற்சி குறைஞ்சுபோச்சு என்றாள். எட்டு வாரம் வீண். பெட்டி நம்மிடம் இருக்கப்போவது இன்னும் நாலே வாரம்.

நேற்றுதான் அப்பா அதைப் பற்றிப் பேசினார். முப்பது வருஷம் துணி வெட்டினவன், என் கை எது உன் கை எதுன்னு எனக்கே தெரியலையேடி என்றார். அடித்திருந்தால் கூடத் தேவலை.

இன்று காலை அவரே கூப்பிட்டார். பட்டையை ஒட்டிட்டு வெளிய போ, கதவச் சாத்து என்றார். சாத்திவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே அவர் மூச்சு வாங்குவது கேட்கிறது. கதவைத் திறந்துவிடக் கூடாதே என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அவரிடம் மட்டும் எத்தனை தடவை என்று கேட்காதே, சும்மா பாராட்டவும் செய்யாதே. குட்டிக்கு இருமல் விட்டதா என்று எழுது. நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நல்லா இருங்கள்.

கூப்பிட்டாரோ என்று இப்போது எழுந்தேன். இல்லை, டம்ளர்தான் அசைந்து விழுந்திருக்கிறது. உட்கார்ந்துவிட்டேன்.

உன் அம்மா