மூச்சு தெரியாத ஊர்

அதைத்தான் சொல்ல வருகிறேன் யிங் கண்ணு, அன்றைக்கு நீ போனில் அப்பா ஊருக்கே திரும்பிவிடப் போகிறாராமே, நிஜமா என்று கேட்டபோது அவர் என் முழங்கையை ஒட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார், அவர் காதுபட நான் என்னத்தைச் சொல்ல, ஆமாம் ஆமாம் இங்கே வெயில் நன்றாக அடிக்கிறது என்று உளறிவிட்டு வைத்துவிட்டேன். நீ என்ன நினைத்தாயோ. குவான்யின் அம்மன் கண் பார்த்ததில் நாங்கள் இரண்டு பேரும் இன்றைக்கு வரைக்கும் எழுந்து நடமாடிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் காலுக்குக் கம்பளி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று காலையில் மூன்று ஊதுபத்தி, சாயங்காலம் மூன்று ஊதுபத்தி ஏற்றுகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள், எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதே. போனில் பேசினால் நீ பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாய், கடிதம் என்றால் உட்கார்ந்துதானே படித்தாக வேண்டும்.

டாக்டர் சொன்னதை நீயும்தான் கேட்டாய். உன் அப்பாவின் நுரையீரல் நம் ஊர் யிச்சுனின் இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது, பனி உருகும் வரைக்கும் தெற்கே கொண்டுபோய் வையுங்கள், இல்லையென்றால் என்னிடம் வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால்தான் பத்தாம் மாதமே கிளம்பி இந்தத் தெற்குக் கடற்கரை ஊர் சான்யாவுக்கு வந்தோம். அ-லியான் என்று இந்த ஊர்க்காரி, புருஷனை இழந்தவள், வாய் பெரிது மனசு அதைவிடப் பெரிது, அவள் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறோம். முற்றத்தைச் சுற்றி இன்னும் ஆறு குடும்பம், எல்லாம் நம் வடகிழக்குக் கிழடுகள்தான், கண்ணை மூடிக்கொண்டால் நம் மரக்கிடங்குக் குடியிருப்பில் இருப்பது மாதிரியே பேச்சு கேட்கும், கண்ணைத் திறந்தால் தென்னை மரம். ஹார்பினில் ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற சுன் இருக்கிறாரே, அவர் காலை முழுக்க டயர் டியூபில் கடலில் மிதக்கிறார், வயிறு மட்டும் தெரியும். அவர் பெண்டாட்டி விசிறி வைத்துக்கொண்டு மைதானத்தில் ஆடுகிறாள். உன் அப்பா மட்டும் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார். நாற்பது வருஷமாக அந்த நேரத்தில் எழுந்து வாசல் பனியை வாரி, விறகு பிளந்து, அடுப்பைப் பற்றவைத்து வீட்டைச் சூடாக்கின உடம்பு, சும்மா கிட என்றால் கிடக்குமா. அ-லியானின் முற்றத்தைப் பெருக்குவார், பெருக்கினதையே மறுபடி பெருக்குவார். ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல், அண்ணே, இருக்கிற மண்ணையெல்லாம் கூட்டித் தள்ளிட்டீங்கன்னா என் வீடு எதுமேல நிக்கும் என்று கேட்டாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது அவர் என்னிடம் மெதுவாக, இங்க அடுப்பு இல்ல, விறகு இல்ல, பனி இல்ல, நான் எதுக்கு என்றார். நான் என் தட்டில் இருந்த மீனை அவர் தட்டில் எடுத்துவைத்தேன் கண்ணு.

அப்புறம்தான் அந்தக் கொழுக்கட்டைக் கூத்து. நம் பஞ்சாங்கத்தில் பன்னிரண்டாம் மாதம் பத்தாம் தேதி, நம் ஊரில் என்றால் வருஷப்பிறப்புக்குக் கொழுக்கட்டை பிடித்துச் சேர்க்கிற நாள்தானே. அப்பாவும் சுன்னும் சேர்ந்து புளித்த முட்டைக்கோஸும் பன்றிக்கறியும் வைத்து அறுநூறு பிடித்தார்கள், வெறும் இரண்டு ஆண்கள், நான் அன்றைக்குக் கோயிலுக்குப் போயிருந்தேன், அதைச் சொல்லிக்கொள்கிறேன். இருட்டின பிறகு வந்து கால்வலியோடு அப்படியே படுத்துவிட்டேன். இவர் என்ன செய்திருக்கிறார் என்றால், வருஷா வருஷம் செய்கிற மாதிரியே மரத் தட்டுகளில் வரிசையாக அடுக்கி, மாவு தூவி, மெல்லிய துணி போர்த்தி, எல்லாத் தட்டையும் மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். கல்லாக உறையட்டும் என்று. சான்யாவில். காலையில் போய்ப் பார்த்தால் அறுநூறும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பிண்டமாகி, புளித்து, அதன்மேல் எறும்பு ஊர்வலம். அ-லியான் துணி காயப்போட வந்தவள் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தாள். வடக்கத்தி அண்ணே, சூரியனுக்கே படையல் போட்டீங்களா, அவரு வேகவெச்சுத்தான் சாப்பிடுவாருன்னு தெரியாதா என்றாள். சுன் வந்து, வெச்சது உன் கைதானப்பா, நான் பிடிச்சதோட சரி என்று கை கழுவிக்கொண்டார். ஆனால் உன் அப்பாவை நான் இதற்காகவே மெச்சுகிறேன், ஒருத்தர் மேலும் பழி போடவில்லை, ஆமா, நான்தான் என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிக் கழுவினார். பிற்பாடு முற்றத்தில் ஒவ்வொருத்தராக வந்து ஒப்புக்கொண்டார்கள், சுன் பெண்டாட்டி முதல் வருஷம் பேரிக்காயை உறையவைக்க ஜன்னலில் வைத்தாளாம், எதிர் அறை ஜியாங் டீச்சர் முழு மீனையே வைத்து அ-லியான் வீட்டுப் பூனை கொழுத்ததாம். இதெல்லாம் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. நான் எங்க இருக்கேன்னு என் கைக்கே தெரியலையே என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மத்தியானம் காணோம். திரும்பி வந்தபோது டிக்கெட் வாங்கி வந்திருந்தார், தனக்கு மட்டும் ஒன்று. ஊர் உலகமே தெற்கே வருகிற சமயத்தில் வடக்கே போகிறவருக்கு டிக்கெட் கிடைக்கக் கேட்கவா வேண்டும். இருபத்தாறாம் தேதி காலை வண்டி, ரயிலையே கப்பலில் ஏற்றிக் கடல் தாண்டவைத்து மூன்று ராத்திரியில் கொண்டுபோய்விடும், வருஷப்பிறப்புக்கு முன்னால் நம் வீட்டு அடுப்பைப் பற்றவைத்துவிடுவாராம். பத்திரமா வை என்று என்னிடம் கொடுத்தார். நான் அதை குவான்யின் அம்மன் படத்துக்குப் பின்னால் செருகினேன். ஒளித்துவைத்தேன் என்று நினைக்காதே, அம்மனிடம் ஒப்படைத்தேன். அன்றையிலிருந்து நாட்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன், எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும் என்று ஒரு பயம்.

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அ-லியான்தான் வழி சொன்னாள். துறைமுகத்தில் அவள் தம்பிக்கு மீன் வைக்கிற ஐஸ் கிடங்கு இருக்கிறது, உங்க கொழுக்கட்டைய அங்க வைங்கண்ணே, எங்க மீனு ஒண்ணும் கோவிச்சுக்காது என்றாள். மறுபடி எல்லாரும் சேர்ந்து பிடித்தோம், இந்தத் தடவை ஏழு குடும்பமும். அ-லியானின் மூணுசக்கர வண்டியில் தட்டுகளை ஏற்றி, பக்கத்தில் உன் அப்பா, காட்டில் மரம் வெட்டும்போது போட்டுக்கொண்டிருந்தாரே அந்தப் பஞ்சுக் கோட்டு, நாய்த்தோல் தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் கடைத்தெரு வழியாகப் போனார் பார், தேங்காய் வெட்டுகிறவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். கிடங்குக்குள் போய் அடுக்கிவிட்டு வெளியே வந்தவருக்கு முகம் அப்படியே நான் கல்யாணத்தில் பார்த்த முகம். அதற்கப்புறம் ஒரு வாரம் தினமும் காலையில் கடல் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார், மத்தியானம் சீட்டியடித்துக்கொண்டு வருவார். அம்மன் வழிவிட்டாள் என்று நான் பூரித்துப்போனேன். ஆனால் இருமல் திரும்பிவிட்டது கண்ணு. முதலில் காலையில் மட்டும், அப்புறம் பேசும்போதே. கோட்டை வெயிலில் போட எடுத்தால் மீன் நாற்றம்.

அடுத்த நாள் ஜபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு அவருக்குத் தெரியாமல் அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போனேன், இந்த வயதில் எனக்கு வேண்டியதுதானா. கிடங்குக் கதவைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே மீன் பெட்டி மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார், ஐஸ் உடைக்கிற இரண்டு பேர் நடுங்கிக்கொண்டே நிற்க, மைனஸ் நாற்பதில் மரம் வெட்டினால் கோடாலியே சில்லுச் சில்லாக உடையும் என்று கதை நடக்கிறது. என்னைப் பார்த்ததும் அந்த ஆட்கள் நழுவிவிட்டார்கள். இவர் திருட்டு முழி கூட முழிக்கவில்லை. வாயைத் திறந்து பொறுமையாக ஒரு மூச்சு விட்டார், வெள்ளையாகப் புகை மாதிரி வந்தது.

"பாத்தியா, தெரியுது. இந்த ஊருக்கு வந்ததுலேருந்து என் மூச்ச நானே பாக்கல. இருக்கேனா இல்லையான்னே சந்தேகமா இருந்துச்சு."

நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன், திட்டு வரவில்லை. "கிழவா, தெரியாத மூச்சுதான் சத்தமில்லாம போய்ட்டு வருது. தெரியுற மூச்சு ஒருநாள் போனா வராது. எனக்கு நீ கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்" என்றேன்.

அவர் பெட்டியிலிருந்து இறங்கி என்னோடு வெளியே வந்தார். இனிமேல் உள்ளே போக மாட்டேன் என்று அம்மன் பேரில் சத்தியம் செய்யச் சொன்னேன், உன் சாமி மேல நான் பண்ணினா அது சத்தியமே இல்ல, என் கோடாலி மேல பண்றேன் என்றார். அவருக்கு அதுதான் சாமி, நான் ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் வீட்டுக்குக் கொஞ்சம் கொழுக்கட்டை எடுத்துவரப் போனோம். சத்தியம் சத்தியம்தான், அவர் வெளியே நின்றார், நான் துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனேன். பக்கத்திலேயே மணலில் ஒரு பெரிய மரப் படகைத் தூக்கிவைத்துப் பலகை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டோடு வெளியே வந்தால் அங்கே ஒரே சத்தம். உன் அப்பா சும்மா நிற்க முடியாமல் ஒரு கல்லை எடுத்துப் புதுப் பலகைகளைத் தட்டிக்கொண்டே போயிருக்கிறார், காட்டில் மரத்தைச் சாய்க்கும் முன்னால் கோடாலி முதுகால் தட்டுவாரே, அப்படி. ஒன்றின் மேல் காதை வைத்துவிட்டு இதைப் போடாதீர்கள், உள்ளே பொள்ளல் என்று சொல்லியிருக்கிறார். படகுத் தச்சர் மோ என்பவர், முப்பத்தைந்து வருஷமாக அந்தத் துறையில் அவர் சொன்னதுதான் சட்டமாம், அவருக்கு வந்ததே கோபம். பனிக்காட்டு அண்ணே, இது எங்க ஊரு மரம், இதோட பேராவது உனக்குத் தெரியுமா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இன்னொரு தடவை அவமானப்பட்டால் இவர் இருபத்தாறு வரைக்கும்கூட இருக்க மாட்டார் என்று தெரியும். மனசுக்குள் அம்மா அம்மா என்று மாலையை உருட்டினேன்.

அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "பேரு தெரியாதுங்க. பேரு தெரியாட்டி என்ன, உள்ள பொள்ளல் இருந்தா எல்லா மரமும் ஒரே மாதிரிதான் அழும்" என்றார்.

மோ ரம்பத்தை எடுத்து, பாத்துருவோம் என்று குறுக்கே அறுத்தார். பாதி அறுக்கும்போதே ரம்பத்தோடு கருப்பாகத் தூள் கொட்டியது. உள்ளே இரண்டு விரல் போகிற அளவுக்கு ஓட்டை. அந்தப் படகு வருஷப்பிறப்பு முடிந்ததும் ஒன்பது பேரோடு நடுக்கடலுக்குப் போகவேண்டியது. மோ ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, தன் மர ஸ்டூலைக் காலால் உன் அப்பா பக்கம் தள்ளி, உக்காருண்ணே, இன்னும் நாப்பது பலகை கெடக்கு என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர், கொழுக்கட்டை எல்லாம் வெயிலில் இளகுகிறது என்றுகூட உறைக்கவில்லை.

அன்றையிலிருந்து காலையில் நாலு மணிக்கு எழுந்தாலும் எழுந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. சாப்பாட்டுத் தூக்கோடு போகிறார், கோட்டு இல்லை, தொப்பி இல்லை, பனியனோடு, வெயிலில் கறுத்துப் போய்விட்டார், நீ பார்த்தால் யாரோ மீன்காரர் என்பாய். இருமல் குறைந்துவிட்டது, காலையில் இரண்டு தடவை அவ்வளவுதான். இவர்கள் பேசுகிற பாஷை அவருக்குப் பாதிதான் புரியும், அவர் பேசுவது அவர்களுக்குக் கால்வாசி, ஆனால் மோவும் அவரும் சாயங்காலம் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டு அவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறார்கள். உன் அப்பாவோடு இத்தனை வருஷம் வாழ்ந்தும் மரத்தோடு அவர் பேசி நான் பார்த்ததில்லை, காட்டுக்குள் பெண்களை விட மாட்டார்களே, இந்தக் கடற்கரையில்தான் பார்த்தேன். இப்படிப்பட்ட மனுஷனா என் வீட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தார் என்று எனக்கே பெருமையாக இருக்கிறது. டிக்கெட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த நாள் வந்தால் என்ன செய்வாரோ, அவர் பிடிவாதம் உனக்குத் தெரியும், வாங்கின டிக்கெட்டை வீணாக்குகிற கை இல்லை அது. நீயும் போனில் அந்தப் பேச்சை எடுக்காதே, திட்டாதே, படகு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள்.

இன்றைக்கு இருபத்துமூன்று என்று முற்றத்துப் பெண்கள் சொன்ன அன்றைக்கு அடுப்படிச் சாமியை வானத்துக்கு வழியனுப்பினேன், நம்மைப் பற்றிக் கோள் சொல்லாமல் வாய் ஒட்டிக்கொள்ள வைக்கிற மிட்டாய் இந்தச் சூட்டில் குழம்பாக ஓடிவிட்டது, சாமி என்னத்தைச் சொன்னாரோ. கொழுக்கட்டை விஷயத்தை மட்டும் சொல்லாதே என்று வேண்டிக்கொண்டேன். நீ அங்கே வருஷப்பிறப்பு அன்றைக்குத் தனியாக உட்கார்ந்திராதே, உன்னோடு வேலை செய்கிற பெண்களைக் கூப்பிட்டுப் பத்துக் கொழுக்கட்டையாவது பிடி, உனக்குத்தான் நிஜமாகவே உறைகிற மாடி இருக்கிறதே. பச்சைத்தண்ணீர் குடிக்காதே. நான் கொடுத்த சிவப்புக் கயிற்றை அவிழ்க்காதே. குவான்யின் அம்மன் ஆயிரம் கையாலும் உன்னைத் தாங்கட்டும், நல்ல மனசுள்ள துணையும் சீக்கிரம் கிடைக்கட்டும், இதைப் படித்து முகம் சுளிக்காதே. பதில் எழுது, நாலு வரி போதும்.

உன்னை நினைத்து ஊதுபத்தி ஏற்றுகிற,
அம்மா.

உறையை ஒட்டும் முன்னால் சாயங்கால ஊதுபத்தி ஏற்றப் போனேன், அம்மன் படத்துக்குப் பின்னால் டிக்கெட் முனை நீட்டிக்கொண்டிருந்தது, எடுத்துப் பார்த்தேன். அ-லியானைக் கூப்பிட்டுத் தேதி கேட்டேன். யிங் கண்ணு, இன்றைக்குத்தான் இருபத்தாறு, அந்த வண்டி காலை ஒன்பது பத்துக்கே போய்விட்டது, வழக்கம்போலத் தூக்கோடு பலகை தட்டப் போனவர் இன்னும் துறைமுகத்திலிருந்து வரவில்லை.