பிற மருந்துகள்: இல்லை

மார்ச் 4

இன்று பிளாஸ்திரி மாற்றும் நாள். நீதிமன்ற ஆவண அறை ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அபின் வகை வலி மருந்து அடங்கிய இந்தச் சிறு சதுரத்தை, மூன்று நாளைக்கு ஒருமுறை, என் கை எட்டாத இடத்தில் மனைவிதான் ஒட்டுகிறாள். பழையதை உரித்து, துடைத்து, புதியதை வைத்து உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்துவாள். எங்களுக்குள் மிஞ்சியிருக்கும் தொடுகை அந்த அரை நிமிடம்தான். இன்று கை மட்டும் இருந்தது. அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9

மூன்று மாதமாக அவள் பக்கத்து அறையில் படுக்கிறாள். இன்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "என்னைப் பிடிக்காமப் போயிடுச்சா? இல்ல, வேற யாராவது இருக்காங்களா?"

"வேற யாரும் இல்ல" என்றேன்.

அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

கேள்விகள் இரண்டு என்பது எனக்குத் தெரியாமலில்லை. கேட்டதற்கு மட்டும் பதில், அதற்கு மேல் ஒரு சொல் கூடாது என்று இருபது ஆண்டுகளாகச் சாட்சிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வக்கீலான நான், கேட்டதிலேயே பாதியை விழுங்கிவிட்டேன். என்ன சொல்வது? பிடித்தம் போய்விடவில்லை. பிடித்தம் குடியிருந்த இடம் பூட்டிக் கிடக்கிறது. அவளைப் பார்க்கிறேன், அழகாக இருக்கிறாள் என்பதும் தெரிகிறது, எதிர்வீட்டுச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருப்பது தெரிவதைப் போல. இதை எந்த மனைவியிடம் சொல்ல முடியும்?

மார்ச் 18

ஹார்மோன் மருத்துவரிடம் தனியாகப் போனேன். சவரம் வாரம் ஒருமுறை போதுமானதாக இருக்கிறது. மதிய வாதங்களில் கண் செருகுகிறது. காரணமின்றி அழுகை முட்டுகிறது. இவற்றை வரிசையாகச் சொன்னேன். முதுகைப் பற்றிச் சொல்லவில்லை. படிவத்தில் "தற்போது பயன்படுத்தும் பிற மருந்துகள்" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காவலாளி எதிர்த்தரப்புச் சாட்சியாகக் கூண்டில் நின்றார். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் உட்கொண்டுவந்தவர். "போதை மருந்தில் இருப்பவரின் நினைவை நீதிமன்றம் எப்படி நம்பும்?" என்று கேட்டேன். வழக்கு என் பக்கம் சாய்ந்தது. அவர் கூண்டிலிருந்து இறங்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டுவிடக் கூடாது. காகிதத்தில் ஏறியது என்றாவது ஒருநாள் கூண்டிலும் ஏறும்.

மார்ச் 27

காலை வேளையில் இருமுறை இரத்தம் எடுத்தார்கள். இருமுறையும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அடிமட்டத்தில். அதைச் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து வரவேண்டிய உத்தரவும் வரவில்லையாம். "தலைக்குள்ள கட்டி எதுவும் இருக்கான்னு பார்த்துடணும்" என்றார் மருத்துவர். ஸ்கேனுக்கு ஏப்ரல் 22 அன்றுதான் இடம் கிடைத்தது.

ஏப்ரல் 2

கட்டியாக இருக்குமோ? வீட்டில் சொல்லவில்லை.

ஏப்ரல் 8

நீதிமன்றத்தில் அழுதேன். வாய்தா கேட்டு நான்கு வரி பேசவேண்டும்; இரண்டாம் வரியில் கண்ணீர் வந்துவிட்டது. நீதிபதி தலையைத் தாழ்த்திக்கொண்டார். "சாருக்குத் தூசி ஆகாதுங்க" என்று என் குமாஸ்தா யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லிவைத்தார். பிறகு தாழ்வாரத்தில் என்னிடம்: "தூசின்னு ஒருதரம்தான் சார் சொல்ல முடியும். அடுத்த தடவைக்கு வேற ஏதாவது யோசிச்சு வைங்க."

ஏப்ரல் 13

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. ஒரு சுவரோடு வாழும்படி அவளுக்கு எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. இருவர் சம்மதத்துடன் பிரிவதற்கான மனுவை நானே தயாரித்தேன். பெயர், முகவரி, திருமண நாள் எல்லாம் பிழையின்றி அமைந்தன. "காரணம்" என்பதற்குக் கீழே மட்டும் கை ஓடவில்லை. ஒரு மணி நேரம் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இழுப்பறையில் வைத்தேன்.

ஏப்ரல் 15

மனுவைப் பிளாஸ்திரிப் பெட்டி இருக்கும் இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன். நான் கவனமானவனாம்!

சட்டையைக் கழற்றி உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது: "காரணம்னு போட்டு இடத்தை வெறுமனே விட்டிருக்கீங்க. நான் எழுதட்டுமா?"

அவள் ஒட்டினாள். அழுத்தினாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக.

"ஸ்கேன் சீட்டும் உள்ளதான் இருந்துச்சு. ரிசல்ட் அன்னைக்கு நானும் வரேன். வேண்டாம்னு சொல்லாதீங்க, சொன்னாலும் வருவேன்."

ஏப்ரல் 25

தலையில் கட்டி இல்லை. மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன், அதுவும் வரவில்லை.

மருத்துவர் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். ஏன் இப்படி இறங்கியிருக்கிறது என்று தமக்கே புரியவில்லை என்றார். அப்போது மனைவி, "அந்த முதுகுப் பிளாஸ்திரியால இருக்குமா டாக்டர்?" என்றாள்.

"எந்தப் பிளாஸ்திரி?"

அவள் என்னைப் பார்த்தாள். மருத்துவர் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "இல்லை" என்ற சொல். என் கையெழுத்து. கூண்டில் நிற்பது எப்படியிருக்கும் என்று இன்று அறிந்தேன்.

மருத்துவர் கோபப்படவில்லை. அபின் வகை மருந்தை நீண்டகாலம் பயன்படுத்தும் ஆண்கள் பலருக்கு இப்படி நேர்வதுண்டு என்றார். "மூளை போடற உத்தரவை அந்த மருந்து நடுவுல நிறுத்திடுது. உங்க மொழியில சொன்னா தடையாணை. இதை நீங்க முதல் நாளே சொல்லியிருக்கலாமே வக்கீல் சார்."

தினமும் காலையில் தோளில் தடவும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் எழுதித் தந்தார். முதுகு மருத்துவரோடு பேசி வலி மருந்தையும் படிப்படியாகக் குறைக்கவேண்டும். இரத்தம் தடித்துவிடாமல், புராஸ்டேட் கெடாமல் இடையிடையே சோதனை. ஜெல் அவள்மேல் படவே கூடாது. காய்ந்து, சட்டையால் மூடும்வரை தள்ளியிருக்கவேண்டும். வலி குறையுமா என்று கேட்டேன். "சிலருக்குக் கொஞ்சம் குறையுது. தெம்பும் ஆசையும் திரும்பலாம். ஆனா வாக்குக் கொடுக்க மாட்டேன்." அவரை நம்பியது அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான்.

திரும்பும் வழியில் வண்டியின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "நாலஞ்சு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு."

காவலாளியின் முகம் நினைவுக்கு வந்தது. அவரையும் இவளையும், தங்களையே சந்தேகிக்கவைத்து, ஒரே விதமாகத்தான் நடத்தியிருக்கிறேன்.

மே 12

ஜெல் தடவத் தொடங்கி இரண்டு வாரம் கடந்தும் ஒன்றுமில்லை. பிளாஸ்திரியின் அளவைக் குறைத்ததில் வியர்வை, நடுக்கம், முதுகில் யாரோ ஆணி இறக்குவது போல... போதும் கடவுளே, முடியல. அந்த மனு எங்கே? இழுப்பறையில் இல்லை. அவளிடம் கேட்கத் துணிவில்லை.

மே 30

குமாஸ்தா ஒரு கோப்பைத் தொலைத்தார். கத்திவிட்டேன். "சாருக்குக் கோபம் வந்து எத்தனை நாளாச்சு" என்றார், ஏதோ நற்செய்தி போல.

ஜூன் 17

இவ்வாரம் மூன்றுமுறை சவரம் செய்யவேண்டியிருந்தது. வலி அப்படியே இருக்கிறது.

ஜூலை 2

பிளாஸ்திரி நாள். காலையில் தோளில் ஜெல் தடவி, தோள்களை மட்டும் துண்டால் மூடி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். அவள் பெட்டியோடு கதவருகே நின்று, "காஞ்சிடுச்சா?" என்றாள்.

"காஞ்சிடுச்சு."

அதோடு நிறுத்துவதுதான் என் வழக்கம்.

"உன்னைப் பிடிக்காமப் போகவே இல்ல. மார்ச் ஒன்பதாம் தேதி கேட்டே."

அவள் வந்து பின்னால் உட்கார்ந்தாள். "ஒரு பதிலுக்கு நாலு மாசம் வாய்தா வாங்கின ஒரே ஆள் நீங்கதான்." உரித்தாள், துடைத்தாள், ஒட்டினாள், அழுத்தினாள். அரை நிமிடம் கடந்தது. கை அங்கேயே இருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது" என்றேன். "கையை எடுக்காதே."