ஆலம்பரையில் நான் சொன்ன பதில்

உனக்கு,

எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பெண்கள் இருவர் நேற்று கடலுக்குப் போய்வந்தார்கள். நனைந்த துணிகளை அலசாமல் அப்படியே கம்பியில் போட்டிருந்தார்கள். காலையில் வடகம் காயவைக்க மேலே போன நான், அந்த உப்பு வாடை மூக்கில் ஏறியதும் தட்டோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். விடுமுறை முடிந்து நீ விடுதிக்குத் திரும்பும் நாட்களில் நம் அறை முழுவதும் இந்த வாடைதான் இருக்கும்.

திண்டிவனத்தில் பி.எட். படித்த அந்த நாட்களில் வகுப்பில் நீதான் முதல். நான் நடுவில் எங்கோ இருந்தேன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பயிற்சி வகுப்புக்கு முந்தைய மாலைகளில் என்னை மொட்டை மாடிக்கு இழுத்துப் போவாய். தண்ணீர்த் தொட்டியின் மேல் மாணவி மாதிரி உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், புரியலீங்க, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்று கையைத் தூக்குவாய். ஆறு வாட்டி, ஏழு வாட்டி. நான் டீச்சரானது அங்கேதான்.

கடைசித் தேர்வு முடிந்த மாதமே உன் அப்பா போய்விட்டார். தம்பிகள் இருவர் படித்துக்கொண்டிருந்தார்கள். நீ அம்மாவோடு கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, ஊர் ஊராக விற்கத் தொடங்கினாய். "ரெண்டு வருஷம்டி. பசங்க தலையெடுத்துட்டா நானும் வேலைக்கு வந்துடுவேன்" என்றாய். நான் திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். போனில் பேசும்போதெல்லாம் நீ சொல்வது ஒன்றுதான்: "எங்க ஊருக்கு வா. எல்லாத்தையும் நான் சுத்திக் காட்டறேன்."

வந்தேன். தனியாக வரவில்லை. பள்ளிக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியை கடற்கரைப் பக்கம் ஒருநாள் போய்வர ஆசைப்பட்டார். "எனக்கு அங்க ஆள் இருக்கு மேடம்" என்று நான் முந்திக்கொண்டேன். உனக்கு போன் செய்தபோது எத்தனை பேர் என்று மட்டும் கேட்டாய். "சாப்பாடு நம்ம வீட்ல. வெளிய கிளிய சாப்ட்டு வந்துடாதீங்க."

தலைமையாசிரியை, இன்னும் இரண்டு டீச்சர்கள், நான். வேன் செஞ்சியைத் தாண்டியதும் அவர் கேட்டார்: "அங்க யாரு டீச்சர், உங்க சொந்தமா?"

"இல்ல மேடம். தெரிஞ்ச பொண்ணு. மீன் விக்கிறவங்க."

சிநேகிதி என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் களை பிடுங்கி, வேர்க்கடலை ஆய்ந்து வளர்ந்தவள் நான். அதையும் ஆசிரியர் அறையில் யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் எல்லாம் டவுனில் வளர்ந்தவர்கள். என்னை ஒரு படி கீழே வைத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

மரக்காணம் சாலையோரம் நீ காத்திருந்தாய். நீலப் புடவை, தலை நிறையப் பூ. அன்றைக்கு வியாபாரத்துக்குப் போகவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. ஓடிவந்து என் கையைப் பிடித்தாய். நான் கையை உருவிக்கொண்டு, "மேடம், இவங்கதான்" என்றேன். "இவங்க" என்று கேட்டதும் என் முகத்தை ஒருமுறை பார்த்தாய். ஆனால் சிரிப்பு குறையவில்லை.

முதலில் உப்பளம். பாத்தியில் தண்ணீர் எப்படி நிற்கும், எப்போது உப்பு பூக்கும் என்று நீ சொல்லச் சொல்ல, தலைமையாசிரியை ஒரு குழந்தையைப்போலக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஆலம்பரைக் கோட்டை. உன் மாமா படகில் ஏற்றிக் கழிமுகத்தைச் சுற்றிக் காட்டினார். கரையேறி இடிந்த கோட்டைச் சுவரின் நிழலில் உட்கார்ந்தோம். நீ சுவரைத் தட்டிக் காட்டினாய்.

"இந்தச் சுண்ணாம்பு கிளிஞ்சல சுட்டு அரைச்சதுங்க. அதான் இம்மாம் உப்புக் காத்துலயும் நிக்குது."

அழகான வகுப்பு அது. தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி, "எவ்ளோ நல்லா சொல்றாங்க. எது வரைக்கும் படிச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

நீ இரண்டடி தூரத்தில்தான் இருந்தாய். உண்மையைச் சொன்னால், ஒன்றாகப் படித்ததை வேனில் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். என் வாய் அதற்குள் சொல்லிவிட்டது: "பத்தாவது இருக்கும் மேடம்."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம் திரும்பி, "ஆமாங்க, பத்தாவதுதான்" என்றாய்.

அதற்குப் பிறகும் நீ பேசினாய், தண்ணீர் எடுத்துக் கொடுத்தாய், ஒரு டீச்சரின் செருப்பில் மண் ஏறியதைத் தட்டிவிட்டாய். எதிலும் குறை வைக்கவில்லை. என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

மதியமானது. "வீட்டுக்குப் போலாங்க, அம்மா ஆக்கி வெச்சிருக்குது" என்றாய். தலைமையாசிரியை எழுந்தே விட்டார். உன் வீட்டுக் கூடத்தில், நீ போனில் சொன்னபடி, பட்டமளிப்பு உடுப்பில் நாம் தோளோடு தோள் நிற்கும் படம் மாட்டியிருக்கும். உன் அம்மா என்னைக் கண்டதும் விடுதிக் கதைகளை எடுத்துவிடுவார். "நேரமாயிடுச்சு மேடம், புதுச்சேரி பாக்க முடியாது" என்று அவசரப்படுத்தி எல்லோரையும் வேனில் ஏற்றியது நான். கதவு மூடும்போது, "ரசமாவது குடிச்சிட்டுப் போடி" என்று என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாய். "இன்னொரு நாள் வரேன்" என்றேன்.

ஒரு வாரம் கழித்து நீயே போன் செய்தாய். மழை, தம்பிகள், மீன் வரத்து கம்மி என்று பேசிவிட்டுக் கடைசியில் சொன்னாய்: "முன்னாடியே சொல்லி வெச்சிருந்தா நானே பத்தாவதுன்னு சொல்லியிருப்பேன்டி. நீ பொய் சொல்ற மாதிரி ஆயிருக்காது." நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. "மேடம் கூப்பிடறாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். பிறகு நீ மூன்று முறை கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. கோபத்தில் இல்லை. எந்தக் குரலில் பேசுவது என்று தெரியாமல்தான்.

பத்து நாள் காய்ச்சலில் நீ போய்விட்டதைக் காரியம் முடிந்த பிறகு நம் வகுப்புப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன்.

விடுப்புக் கேட்டபோது தலைமையாசிரியை யார் என்று விசாரித்தார். சொன்னேன். ஒரே அறையில் இருந்தது, நீ அறிவியலில் முதல் மதிப்பெண் எடுத்தது, ஆலம்பரையில் நான் சொன்ன பொய், எல்லாவற்றையும். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர். நம்ம ஸ்கூல்ல அறிவியலுக்கு ஆள் தேடிட்டுதானே இருந்தோம். நானே கேட்டிருப்பேனே அவங்கள." இதைத் திட்டுவது போலக்கூட அவர் சொல்லவில்லை. என் தகுதி குறையும் என்று பயந்து, உனக்கு வரவிருந்த வேலையின் வாசலை நானே அடைத்திருக்கிறேன்.

உன் வீட்டு வாசலிலேயே உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்து இலை போட்டார். "அன்னிக்கு வந்தவங்க ஏன் சாப்புடாம போய்ட்டாங்கன்னு கேட்டேம்மா. எம் பொண்ணு, 'பெரிய டீச்சருக்கு அவசரம், அவ இன்னா பண்ணுவா, நீ ஒண்ணும் நெனச்சிக்காத'ன்னு சொல்லிட்டா" என்றார். வீட்டிலும் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். உன் அம்மா என் தோளில் கை வைத்து, "எம் பொண்ணோட சிநேகிதி. ஒண்ணா படிச்சதுங்க. இப்ப திருவண்ணாமலையில டீச்சரு" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. நான் இலையைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

அதற்குப் பிறகு நாலைந்து முறை போய்வந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பொய்யை ஒப்புக்கொள்ள பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டுதான் போகிறேன். அவர் என்னைப் பார்த்ததும் அடுப்பைப் பற்றவைக்கிறார். எதிரில் உட்கார்ந்து, உன்னைப் பற்றிக் கேட்கிறார். நான் நல்லதை மட்டும் சொல்கிறேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல், போடுவதையெல்லாம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன்.